கயிலைமலை ஏறிய காரைக்காலம்மையார்

காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலொடு கலக்குமிடத்தே அமைந்த பட்டினம் காரைக்கால். மலை என்பது அந்நாட்டில் மருந்துக்கும் இல்லை. எத்திசை நோக்கினும் நெல்வயலும் உப்பங்கழியும் தென்னஞ்சோலையுமே கண்ணிற்படும். கோயில் எழுப்பக் கருங்கல் வேண்டின் அதனையும் தொலைவிலிருந்தே கொணர்தல் வேண்டும். பண்டைக்காலத்தில் அவ்வூரார் அண்ணாந்து நோக்கிய உயர்ந்த பொருள்கள் பனைமரமும், துறையில் நின்ற மரக்கலங்களின் பாய்மரமுமே எனலாம். அத்தகைய ஊரிற் பிறந்து, அவ்வூர்ச் சிறுவெளியில் விளையாடி, அவ்வூரிலேயே இல்லறம் நடத்திய பெண்மணி ஒருவர், உலகிலேயே மிக உயர்ந்த மலைத்தொடரைக் கடந்து கயிலைமலையின்மேல் ஏறினார் என்று நம் தமிழ் நூல் கூறுகின்றது. ஏறியதும் காலால் அன்று, தலையால்.

கிறித்தவக் கல்லூரியில் பயிலும் யாம் சைவ அடியார் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தது ஏன் என்று நண்பர் சிலர் வினவக்கூடும். தமிழ் கற்பார்க்குப் பெரியபுராணம் பாடநூல் என்பது அதற்கு எளிய விடை. ஆயினும் உண்மை அதுமட்டும் அன்று. வகுப்பில் இப்பகுதியைப் படித்த நாள்முதல் அம்மலையேற்றம் எம் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. இது வெறும் அற்புதக் கதைதானோ, அன்றி இதனுள் வேறு பொருள் உண்டோ என்று எமக்குள்ளே வழக்கிட்டுக்கொண்டிருந்தோம். அவ்வழக்கின் பயனே இக்கட்டுரை.

முதற்கண் ஒன்று கூறிவிடுதல் நேர்மையாகும். அம்மையார் வாழ்ந்த காலம் கி.பி. 5ஆம் நூற்றாண்டோ 6ஆம் நூற்றாண்டோ என்பர் ஆராய்ச்சியாளர். அவர் வரலாற்றை விரித்துரைத்த சேக்கிழார் பெருமானோ 12ஆம் நூற்றாண்டினர். இடையே கழிந்தன ஏறக்குறைய 600 ஆண்டுகள். அம்மையார் தாமே பாடிய நூல்கள் நான்கு நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றில் மாங்கனியைப் பற்றியோ கணவனைப் பற்றியோ பேச்சில்லை. ஆகவே வரலாற்று நிகழ்ச்சிகளுக்குச் சேக்கிழாரையும், உள்ளத்தின் நிலைக்கு அம்மையாரின் பாடல்களையும் துணையாகக் கொள்வோம்.

காரைக்காலில் வணிகர் தலைவனாக விளங்கிய தனதத்தனுக்கு மகளாய்த் தோன்றியவர் புனிதவதியார். தவத்தால் வந்த ஒரே மகள் ஆதலின் செல்வத்துட் செல்வமாக வளர்ந்தார். மொழி பயிலும் பருவத்திலேயே இறைவன்பால் அன்பு தோன்றியதாக அவரே தம் நூலின் தொடக்கத்தில் குறிக்கின்றார். மணப்பருவம் எய்தியபோது, நாகப்பட்டினத்து வணிகனாகிய நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவரை மணஞ்செய்து கொடுத்தனர். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தனதத்தன், மருமகனை நாகைக்கு அனுப்பாமல், காரைக்காலிலேயே தன் மனைக்கு அருகில் தனிமனை அமைத்து, பெரும்பொருளும் ஈந்து இருத்தினான். மாமனார் ஊரில், மாமனார் தந்த பொருளைக்கொண்டு வாணிகம் நடத்தியவன் பரமதத்தன் என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் நலம். அவனை எளிதிற் குறை கூறிவிடுகின்றோம். அவன் இருந்த இடத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒருநாள் கடையில் இருந்த பரமதத்தனிடம் சிலர் இரண்டு மாங்கனிகளைக் கொணர்ந்து கொடுத்தனர். அவன் அவற்றை வீட்டிற்கு அனுப்பினான். சிறிது பொழுதில் சிவனடியார் ஒருவர் பசியோடு மனைக்கு வந்தார். சோறு ஆயத்தமாக இருந்தது, கறி ஆகவில்லை. வந்தவரைக் காக்க வைத்தல் ஆகாது என்று புனிதவதியார் கனிகளுள் ஒன்றைச் சோற்றுடன் இட்டு அவர் பசி தீர்த்தார். நண்பகலில் கணவன் வந்து நீராடி உண்ண அமர்ந்தான். மற்றைக் கனியை உண்டான். சுவை மிகுதியால், எஞ்சிய கனியையும் இடுக என்றான். அம்மையார் உள்ளே சென்றார்.

இங்கே நாம் சற்று நிற்றல் வேண்டும். அடியார்க்கு இட்டுவிட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் ஏன் சொல்லவில்லை? கணவன் விரும்பிய பொருளை இல்லை என்று சொல்ல மனைவிக்கு நா எழாத காலம் அது என்று கொள்வாரும் உளர். எமக்கோ, அவர் தம் அன்பை விளம்பரம் செய்ய நாணினார் என்றே தோன்றுகின்றது. இறைவனை நினைந்து நின்ற அவர் கையில் ஒரு கனி வந்தது. அதனை உண்ட பரமதத்தன், இது முன்னதினும் வேறான சுவையுடையது, எங்கிருந்து பெற்றாய் என்றான். அப்பொழுதும் பொய் கூற அவரால் இயலவில்லை, உள்ளதைக் கூறினார். அவன் நம்பவில்லை. அங்ஙனமாயின் இன்னும் ஒன்று வருவித்துக் காட்டுக என்றான். வந்தது. அவன் கையில் வாங்கினான்; வாங்கிய கனி மறைந்தது.

அன்றே அவ்வில்லறம் முடிந்தது எனலாம். பரமதத்தனுக்கு வந்தது வெகுளி அன்று, அச்சம். தன்னோடு வாழ்பவள் மானிடப் பெண் அல்லள் என்று துணிந்தான். யாரிடமும் ஒன்றும் கூறாமல், ஒரே மனையில் தொடர்பின்றி வாழ்ந்தான். பின்னர்க் கடல்வாணிகம் செய்து பொருளீட்டி வருவேன் என்று சுற்றத்தாரிடம் கூறிக் கலமேறிப் போனான். போனவன் மீண்டும் காரைக்காலுக்கு வரவில்லை. பாண்டிநாட்டுக் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் இறங்கி, அங்கே ஒரு வணிகன் மகளை மணந்து, ஒரு பெண்மகவுக்கும் தந்தையானான். அம்மகவுக்கு அவன் இட்ட பெயர் புனிதவதி.

செய்தி அறிந்த சுற்றத்தார் புனிதவதியாரைச் சிவிகையில் ஏற்றிப் பாண்டிநாட்டிற்கு அழைத்துச் சென்றனர். ஊர்ப்புறத்துச் சோலையில் தங்கி ஆள் அனுப்பினர். கணவன் இரண்டாம் மனைவியையும் குழந்தையையும் உடன்கொண்டு எதிரே வந்து, மூவருமாக அவர் அடியில் விழுந்து வணங்கினான். அவரோ அஞ்சி ஒதுங்கிச் சுற்றத்தார்பால் நின்றார். மனைவியைக் கணவன் வணங்குவது என்ன முறை என்று உறவினர் திகைத்தனர். இவர் நற்பெருந் தெய்வம், அதனாலேயே என் மகவுக்கு இவர் பெயரை இட்டேன், நீங்களும் வணங்குங்கள் என்றான் அவன்.

அவன் சொல்லில் இழிவு சிறிதும் இல்லை. ஆயினும் அதனினும் கொடிய சொல் ஒன்று ஒரு பெண்ணின் செவியில் விழுந்திருக்கக்கூடுமோ என்று ஐயுறுகின்றோம். வெறுத்துத் தள்ளினால் அழலாம், வழக்காடலாம். வணங்கித் தள்ளினால் என்ன செய்வது? தன் பெயரைத் தாங்கிய குழந்தை இன்னொருத்தியின் இடுப்பில் இருக்க, அந்தச் சோலையில் நின்ற அம்மையாரின் நிலையைச் சேக்கிழார் விரித்துரைக்கவில்லை. விரிக்காமல் விட்டதே அவர் பெருமை.

கணவன் பொருட்டுத் தாங்கிய இத்தசைப்பொதியை நீக்கி, இறைவனைச் சூழ்ந்து நிற்கும் பேய்வடிவத்தைத் தமக்கு அருளுமாறு அம்மையார் வேண்டினார். உடலின் வனப்பெல்லாம் உதிர, எலும்புருவாய் நின்றார். தொழுதிருந்த சுற்றத்தார் அஞ்சி அகன்றனர். இதனை அற்புதம் என்பார் என்க. துயரும் தவமும் கூடி ஓர் உடலை என்பாக்குவதை நாம் வாழ்விலும் காண்கின்றோம் அன்றோ? அவர் தம்மைப் பேய் என்று சொல்லிக்கொள்ள நாணவில்லை. தம் நூல்களின் முடிவில் காரைக்காற்பேய் என்றே கையெழுத்திடுகின்றார்.

அந்நிலையிலே பிறந்தன அற்புதத் திருவந்தாதி என்னும் 101 வெண்பாக்களும், திருவிரட்டைமணிமாலை என்னும் 20 பாடல்களும். ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வரத் தொடுக்கும் அந்தாதி முறையில் ஒரு நூலை முழுவதும் அமைத்தோருள் இவரே மிகத் தொன்மையானவர். பின்னே தமிழில் தோன்றிய எத்தனையோ அந்தாதிகளுக்கு வழி திறந்தவர், பள்ளி சென்றாரா என்பதும் தெரியாத ஒரு வணிகமகள். எம் போன்ற தமிழ்மாணாக்கர் இதனைப் பெருமையோடு நினைக்கலாம்.

இனி அம்மலைச்செலவுக்கு வருவோம். நிலப்படத்தில் காரைக்காலுக்கு நேர் வடக்கே ஒரு கோடு இழுத்தால், அது சிறிதே கிழக்கில் விலகிக் கயிலைமலைக்கு அருகிற் செல்லும். இடைத்தொலைவு ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். அம்மையார் வடதிசை நாடெல்லாம் மனத்தினும் விரைந்து கடந்தார் என்கிறார் புராணமுடையார். வழியிலே அவரைக் கண்டவர் வெருண்டு ஓடினர். அறியாதார் எம்மை எவ்வாறு கருதினும் ஆவது என், இறைவன் அறிந்தாற் போதும் என்று அவர் தமக்குள்ளே கூறிக்கொண்டாராம். வேறு எவ்வகை வழிநடைக் குறிப்பும் நூலில் இல்லை. ஆறுகளை எவ்வாறு கடந்தார், பனியில் என்ன உண்டார் என்று கேட்பார்க்கு விடையில்லை.

கயிலை திபெத்து நாட்டின் மேற்குப் பகுதியில், ஏறக்குறைய 22,000 அடி உயரத்தில், ஏனைய மலைகளினின்று விலகித் தனித்து நிற்பது. வெண்பனி மூடிய கருங்கூம்பு போன்றது. சைவரே அன்றிப் பௌத்தரும் சமணரும் பொன் சமயத்தாரும் அதனைத் தெய்வமலையாகப் போற்றுகின்றனர். வழிபட வருவோர் மலையைச் சுற்றி 52 கிலோமீட்டர் நடப்பரே அன்றி மேலே ஏறார். அச்சுற்றுவழியிலுள்ள கணவாயே 18,000 அடிக்கு மேற்பட்டது. காற்று மெலிந்து மூச்சு முட்டும் இடம். 1926இல் அல்மோராவின் துணை ஆணையராக இருந்த ஹியூ ரட்லெஜ் என்னும் ஆங்கிலேயர் மலையைச் சுற்றிவந்து, அதன் வடமுகம் ஏறத்தகாதது என்று எழுதினார். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட 14 கொடுமுடிகளையும் முதன்முதல் ஏறிமுடித்த ரைனால்டு மெஸ்னர் என்பார்க்கு 1980களில் கயிலையில் ஏற இசைவு கிடைத்ததாகவும், அவர் வேண்டா என மறுத்ததாகவும் கூறுவர். இன்றளவும் அதன் முடியில் மனிதர் எவரும் ஏறியதற்குச் சான்றில்லை. திபெத்தியர் கதையில் மாத்திரம், மிலரேபா என்னும் துறவி விடியற்காலத்தில் ஞாயிற்றின் முதற்கதிரைப் பற்றிக்கொண்டு நொடியில் முடியை அடைந்தார் என்று வரும். அவர் போட்டியொன்றில் வெல்வதற்காக ஏறினார். நம் அம்மையார்க்கு எதிராளி இல்லை.

மலையடியை அடைந்த அம்மையார், இறைவன் உறையும் இடத்தைக் காலால் மிதித்தல் தகாது என அஞ்சினார். அஞ்சித் திரும்பினாரா? இல்லை. அடியாலே நடத்தலை ஒழித்துத் தலையாலே நடந்து ஏறினார். சிற்பிகள் இதனைக் கைகளை ஊன்றி உடல் தலைகீழாகச் செல்லும் வடிவாகச் செதுக்குவர்.

நண்பர்களே, உடற்பயிற்சிக் களத்திலே கைகளால் நடந்து பார்த்தவர் நம்முட் பலர் உண்டு. பத்தடி செல்வதற்குள் குருதி முகத்தில் ஏறித் தோள் நடுங்கும். மணலிலே அப்படியாயின், செங்குத்தான பாறையிலும் பனியிலும் எப்படியிருக்கும்? அதனினும் வியத்தகுவது மற்றொன்று. மலையேறுவார் யாவர்க்கும் முடியைப் பார்த்துக்கொண்டே செல்வதிலே ஓர் ஊக்கம் உண்டு. ஞாயிறு காயும் பிற்பகலில் தொலைவில் ஒளிரும் உச்சியே ஏறுவானை இழுத்துச் செல்கின்றது. தலைகீழாகச் செல்வார்க்கோ உச்சி தெரியாது. கண்முன் இருப்பது ஒருசாண் நிலம் மட்டுமே. எவ்வளவு ஏறினோம், எவ்வளவு எஞ்சியது என்று அளக்க வழியில்லை. ஆகலின் இவ்வேற்றத்தைச் சேக்கிழார் கீழிருந்து பாடவில்லை, மேலிருந்து பாடுகின்றார். ஏறுகின்றவர் முடியைக் காணவில்லை. முடியில் உள்ளார் ஏறுகின்றவரைக் காண்கின்றனர். உமையம்மையே முதலிற் கண்டு, என்புருவாய்த் தலையால் ஏறிவரும் இதன் அன்புதான் என்னே என்று வியந்து கணவரை வினவுகின்றார். இவ்வமைப்பை முதல் வாசிப்பில் யாம் கவனிக்கவில்லை. கவனித்தபின், இப்பகுதியை வெறுங்கதை என்று தள்ள எம்மால் இயலவில்லை.

மலைமுன் கால் தயங்கிய செய்திகள் பிறநாட்டாரிடத்தும் உண்டு. 1955ஆம் ஆண்டு கஞ்சன்சங்கா மலையில் முதன்முதல் ஏறிய ஜார்ஜ் பாண்டும் ஜோ பிரௌனும், சிக்கிம் நாட்டார் தெய்வமாகக் கருதும் அம்முடியைத் தீண்டுவதில்லை என்று கொடுத்த வாக்கின்படி, உச்சிக்குச் சில அடி கீழே நின்று திரும்பினர். ஓரேப் மலையருகே மோசே தம் பாதரட்சையைக் கழற்றியதை நாம் சிறுவயதுமுதல் அறிவோம். உரோமை நகரிலே சிலுவையில் அறையப்பட்ட அப்போஸ்தலர் பேதுரு, தம் ஆண்டவரைப்போல் நிமிர்ந்து மரிக்கத் தமக்குத் தகுதியில்லை என்று தலைகீழாக அறையுமாறு வேண்டினார் என்னும் மரபும் நம் திருச்சபையில் பழமையானதே. அம்மையாரின் செயலைப் படித்தபோது எம் நினைவுக்கு முதலில் வந்தவர் பேதுருவே. இரண்டும் ஒன்று என்று நாட்ட யாம் முயலவில்லை. கொள்கையால் வேறுபாடு பெரிது. ஆயினும் தகுதியின்மையை உணர்ந்த உள்ளம், விலகிப்போகாமல், உடலையே புரட்டிக்கொண்டு அணுகியது என்பது இரண்டிடத்தும் காணப்படுகின்றது.

உமையின் வினாவுக்கு இறைவன், வருகின்ற இவள் நம்மைப் பேணும் அம்மை, இவ்வடிவும் நம்மிடம் வேண்டிப் பெற்றதே என்று விடை கூறினார். அருகே வந்ததும் அம்மையே என்று அழைத்தார். அவரோ அப்பா என்று அடியில் விழுந்தார். தாயுந் தந்தையும் இல்லாதவர் எனச் சைவர் கூறும் கடவுள், உலகில் ஒருவரை மட்டும் தாய் என்று அழைத்தார் என்பது இதன் சிறப்பு. தம் பெயரையேனும் ஒரு மகவுக்கு ஈந்து, தாம் மகவின்றி நின்றவர்க்கு அவ்வழைப்பு எங்கே சென்று தைத்திருக்கும் என்பதைப் படிப்பவர் உணர்வர். அன்றுமுதல் புனிதவதி என்னும் பெயர் மறைந்து அம்மையார் என்பதே வழங்கலாயிற்று.

யாது வேண்டும் என்ற இறைவனிடம் அவர் கேட்டவை சில. இறவாத அன்பு வேண்டும், பிறவாமை வேண்டும், மீண்டும் பிறக்க நேரின் உன்னை மறவாமை வேண்டும், நீ ஆடும்போது உன் அடியின்கீழ் இருந்து மகிழ்ந்து பாடுதல் வேண்டும். இவ்வளவு உயரம் ஏறியவர், இங்கேயே இருத்தல் வேண்டும் என்று கேட்டாரல்லர். மறுரூப மலையிலே பேதுரு கூடாரம் போட்டுத் தங்க விரும்பினார் என்பதை எண்ணுக. இறைவனும் அம்மையாரைக் கயிலையில் இருத்தவில்லை. தென்னாட்டுத் திருவாலங்காட்டிற்குச் சென்று ஆடல் காணுமாறு பணித்தார். ஆலங்காடு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. தில்லையின் பொன்னம்பலம் முதலாகிய ஐந்து அம்பலங்களுள் அங்குள்ளது இரத்தினசபை. அம்மையார் பாடிய காலத்தில் அது பொன்னும் மணியும் இல்லாத சுடுகாடு. எட்டியும் இலவமும் கள்ளியும் ஓங்கிய அக்காட்டில் பிணந்தின்னும் நரியும் பேயும் சூழ அவர் இருந்து பாடிய இரு பதிகங்களை, தேவாரத்தினும் முற்பட்டன ஆதலின் மூத்த திருப்பதிகம் என்பர். ஒன்று நட்டபாடை, மற்றொன்று இந்தளம். அருவருக்கத்தக்க பொருள்களை அவ்வளவு கூர்ந்து நோக்கி, ஒன்றையும் மறைக்காமல், அவற்றினிடையே ஆடலின் தாளத்தைக் கேட்பித்த பாட்டுக்கள் தமிழில் வேறு இலவென்றே எண்ணுகின்றோம்.

அவருடைய உருவம் ஊர்தோறும் உண்டு. அறுபத்துமூவர் வரிசையில் ஏனையோர் நிற்க, அவர் ஒருவரே அமர்ந்திருப்பார். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் அடிக்கீழே தாளமிட்டிருக்கின்றார். கடல் கடந்து கம்போச நாட்டுப் பண்டியாய் சிரீ என்னும் 10ஆம் நூற்றாண்டுக் கோயிலிலும், ஆடும் இறைவன் அருகே உள்ள வற்றிய பெண்ணுருவம் அவருடையதே என்பர் அறிஞர். நியூயார்க்கு நகரத்துக் காட்சிச்சாலையில் சோழர்காலச் செப்புத்திருமேனி ஒன்று இருக்கின்றது. காரைக்காலோ 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று 1954இல் இந்தியாவோடு சேர்ந்தது. கொடிகள் மாறியபோதும் ஆனித்திங்கள் முழுநிலா நாளில் மாங்கனித் திருவிழா நடைபெறுகின்றது. பிச்சைத்தேவர் உலா வரும்போது மாடங்களினின்று மாம்பழங்களை மக்கள்மீது வீசுவர். கீழே நிற்போர் தாவிப் பிடிப்பர். மகப்பேறு வேண்டும் பெண்கள் அக்கனியை விரும்பி உண்பராம்.

அம்மையார்க்குப் பின்னர், 7ஆம் நூற்றாண்டில், திருஞானசம்பந்தர் தலங்கள்தோறும் பாடிக்கொண்டு திருவாலங்காட்டின் எல்லைக்கு வந்தார். அது அம்மையார் தலையால் நடந்த ஊர் என்பது அவர் நினைவுக்கு வந்தது. அவ்வூர் மண்ணில் கால் வைக்க அஞ்சி, உள்ளே செல்லாமல், அருகிலுள்ள வேறோர் ஊரில் அன்றிரவு தங்கினார். நள்ளிரவில் ஆலங்காட்டு இறைவன் கனவிலே தோன்றி, எம்மைப் பாட மறந்தனையோ என்று கேட்டார். சம்பந்தர் விழித்தெழுந்து, இருந்த இடத்திலிருந்தே பாடினார்.